இரண்டாவது கையெழுத்து

அந்தக் குழந்தைகள் இல்லத்தில் ஒரு பிள்ளை படுக்கையை நனைத்துவிட்டால் பதிவேட்டில் 'இரவு நிகழ்வு' என்று எழுத வேண்டும். சுவரேறிக் குதித்து ஓடினால் 'அனுமதியற்ற வெளியேற்றம்'. எதிரே நின்று கட்டிப்பிடிக்கக் கூடாது. தோளோடு தோள் சேர்த்து 'பக்கவாட்டு அணைப்பு' தரலாம், அதுவும் மூன்று வினாடி. இந்த விதிப்புத்தகத்தை எழுதிய புண்ணியவான் ஒரு பிள்ளைக்குக்கூடப் பேன் பார்த்திருக்க மாட்டார் என்பது பெரியக்காவின் கட்சி. ஆனாலும் புத்தகத்தைத் தலைகீழாக ஒப்பிப்பாள்.

பெரியக்கா என்பது பிள்ளைகள் வைத்த பெயர். கணவர் இறந்து, மகனும் கப்பல் வேலைக்குப் போன பிறகு, வீட்டு அமைதி பொறுக்காமல் இங்கே வந்து சேர்ந்தவள், பதினாலு வருடமாகிறது. காலடிச் சத்தத்தை வைத்தே எந்தப் பிள்ளை எதைத் திருடிக்கொண்டு போகிறது என்று சொல்லிவிடுவாள். பெரியவர்கள் விஷயத்தில் மட்டும் அந்தக் காது மந்தம்.

அவளோடு ஒன்பது வருடமாக ஒரே ஷிப்டில் வேலை பார்ப்பவள் சின்னக்கா. ஒரு தட்டில் சாப்பிடுவார்கள், ஒருத்தி தும்மினால் மற்றவள் மாத்திரை எடுப்பாள். பிள்ளை வெறிகொண்டு தன்னையே அடித்துக்கொண்டால், பெரியவர்கள் பிடித்து நிறுத்துவதற்குப் 'பாதுகாப்புப் பிடி' என்று பெயர். ஒருத்தி பிடிக்க, மற்றவள் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். பிறகு இருவரும் தனித்தனியாக, பேசிக்கொள்ளாமல், நடந்ததை எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். இந்த ஒரு விதியை மட்டும் அவர்கள் மதித்ததே இல்லை. சமையலறை மேசையில் தேநீரோடு உட்கார்ந்து, ஒருத்தி சொல்ல ஒருத்தி எழுதி, அப்படியே பழகிவிட்டார்கள்.

அன்று ஞாயிறு. பட்டாசு என்று எல்லோரும் கூப்பிடும் எட்டு வயதுக்காரி, காலையிலிருந்து வாசலிலேயே நின்றாள். அடுத்த வாரம் வருகிறேன் என்று சொல்லிப்போன அம்மா இந்த வாரமும் வரவில்லை. மூன்று மணிக்குப் பிள்ளை உள்ளே வந்து சுவரில் மடேர் மடேரென்று தலையை மோதத் தொடங்கினாள். பெரியக்கா திரும்பிப் பார்த்தாள், சின்னக்காவைக் காணோம். காத்திருக்க முடியுமா? பின்னாலிருந்து அணைத்துத் தரையோடு உட்கார்ந்து, அழுது ஓயும் வரை பிடித்திருந்தாள். பட்டாசின் முழங்கையில் சிவப்பாக ஒரு தடம் விழுந்தது.

சின்னக்கா கைப்பேசியை இடுப்பில் செருகியபடி பின்கட்டிலிருந்து ஓடிவந்தாள். "அக்கா, பொண்ணு போன்ல அழுதா, எடுக்காம இருக்க முடியல. ஏற்கெனவே போனுக்காக ஒரு தடவை எச்சரிக்கை வாங்கியிருக்கேன். இன்னொண்ணுன்னா வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. நான் கூட இருந்தேன்னு எழுதிடுங்கக்கா."

"நீ அழாத. எழுதிட்டாப் போச்சு."

எழுதினாள். 'சின்னக்கா அறையில் உடனிருந்தார்.' சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்றால் இதுதான். சின்னக்கா தன் தாளை மட்டும், தலைவலி, அப்புறம் எழுதுகிறேன் என்று வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

மறுநாள் காலை இல்லத் தலைவி இருவரையும் கூப்பிட்டனுப்பினார். மேசையில் இரண்டு தாள்கள். சின்னக்காவின் கையெழுத்தில்: 'ஈரத் துணி எடுக்கப் போயிருந்தேன். வந்தபோது பிடி முடிந்திருந்தது.' தடத்தைப் பார்த்த மருத்துவர் கேள்வி கேட்க, நடைபாதைக் கேமராவைத் தலைவி பார்க்கப்போகிறார் என்று சின்னக்காவுக்கு முதல்நாள் மாலையே தெரியும். பெரியக்காவுக்கு மட்டும் சொல்லவில்லை.

"அவசரம்னா தனியாப் பிடிக்கலாம்மா. விதியிலேயே இருக்கு. உள்ளதை எழுதியிருந்தா ஒண்ணுமே ஆகியிருக்காது. ஏன் பொய் எழுதினீங்க?" என்று கேட்டார் தலைவி.

பெரியக்கா பக்கத்து நாற்காலியைப் பார்த்தாள்.

சின்னக்கா தரையைப் பார்த்தபடி, "எனக்கும் புரியல மேடம். நான் எழுதச் சொல்லல," என்றாள்.

எதிரி குழி பறித்தால் தாண்டிவிடலாம். கூடவே இருந்து பறித்தால்? போன் வந்த கதையைப் பெரியக்கா சொன்னாள். யார் நம்புவார்கள்? பின்கட்டில் கேமரா கிடையாது. பொய்யில் இருந்தது அவள் கையெழுத்து. பொய் அறிக்கைக்கு வேலைநீக்கம், இனி எந்த இல்லத்திலும் பிள்ளைகளோடு வேலை கிடையாது. பதினாலு வருடம் பத்து நிமிடத்தில் முடிந்தது.

போகிறவரை வாசல்வரை கொண்டுவிடுவது அந்த நேரம் பணியில் இருப்பவரின் வேலை. சாவிக்கொத்தோடு சின்னக்கா வந்தாள். "எனக்கு வேற வழி தெரியலக்கா," என்று முணுமுணுத்தாள். பெரியக்கா பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். விட்டால் கைநீட்டிவிடுவோமோ என்று அவளுக்கே பயம்.

கேட் அருகே பட்டாசு நின்றிருந்தாள். பையைப் பார்த்து, "எங்க போறீங்க?" என்றாள்.

வேலையை விட்டுப் போகிறவர்களுக்காக விதிப்புத்தகத்தில் உள்ள வாக்கியத்தைச் சின்னக்கா சொன்னாள். "பெரியக்கா லீவுல போறாங்கடா. சீக்கிரம் வந்துடுவாங்க."

பெரியக்கா பையைக் கீழே வைத்தாள். "இல்லடா கண்ணு. நான் இனிமே வர மாட்டேன். வேலையை விட்டு நிறுத்திட்டாங்க. வாசல்ல நின்னு பார்த்துட்டு இருக்காத."

பிள்ளை தன் முழங்கையைத் தடவிக்கொண்டாள். "என்னாலயா?"

"உன்னால இல்ல. சத்தியமா இல்ல."

"அப்போ யாரால?"

சின்னக்காவின் கையில் சாவிக்கொத்து அசையாமல் நின்றது. பெரியக்கா வாயெடுத்தாள். நாக்கு நுனிவரை வந்தது. இன்று சாயங்காலம் இந்தப் பிள்ளைக்குத் தலை வாரப்போகிறவள் சின்னக்காதான். அடுத்த ஞாயிறு இவள் தலையைச் சுவரில் மோதினால் பிடிக்க இருப்பவளும் அவள் ஒருத்திதான்.

"என்னாலதான்," என்று சொல்லிவிட்டுப் பையைத் தூக்கினாள்.