பிழையென்று சொல்லாத பிள்ளை

லா சப்பல் தமிழ்க் கடைத்தெருவின் சாப்பாட்டுக்கடையொன்றில் வெள்ளி மாலைகளில் பரிமாறியவள், பிரெஞ்சு உயர்பள்ளியான லிசேயில் கடைசி வகுப்பு மாணவி. பல்கலைக்கழகம் நடத்தும் ஆசிரியர் பயிற்சி வகுப்புக்கும் இப்போதே போகிறாளாம். உயரக் கட்டிய கொண்டையில் ஒரு சிவப்புப் பேனை. விடையை நேரே சொல்லக்கூடாது, பிழையென்றும் சொல்லக்கூடாது என்று அந்தப் பயிற்சியில் கற்பித்திருந்தார்கள்.

“பிள்ளை, ஆட்டுக்கறி இருக்கோ?” என்றார் பக்கத்து மேசைக்காரர்.

“இண்டைக்கு என்ன கிழமை, மாமா?”

“வெள்ளி.”

“அப்ப?”

“மரக்கறிதான்.”

“நீங்களே கண்டுபிடிச்சிட்டீங்கள்!” என்று கைதட்டினாள். மனுசன் சோதனை பாஸான முகத்தோடு பருப்பைப் பிசைந்தார்.

எனக்கோ அவசரம். கையை உயர்த்தி, கழிப்பறை எங்கே என்று கேட்டேன்.

“எங்கை இருக்குமெண்டு நினைக்கிறீங்கள்?”

தாளிப்பு வாசம் வந்த குசினிக் கதவைக் காட்டினேன்.

“நல்ல முயற்சி!” என்றாள்.

அந்த நிலையிலும் எனக்கு ஏன் பெருமையாக இருந்ததென்று இன்றுவரை விளங்கவில்லை.