கறுப்பி தின்ற குழை

சென்ற வாரம் பாரிஸின் லாச்சப்பலில் ஒரு தமிழ்க் கடை வாசலில் நின்று முருங்கையிலைக் கட்டொன்றை மூக்கருகே வைத்து மணந்துகொண்டிருந்தேன். வயது போனால் இப்படிச் சில பழக்கங்கள் வந்துவிடுகின்றன. கடைக்காரப் பெடியன் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தான்.

"என்னண்ணை, வாங்கப் போறியளோ, இல்லாட்டி மணந்துபோட்டு வைக்கப் போறியளோ?"

வாங்கிவிட்டேன், வேறென்ன செய்ய. ஆனால் எனக்கு நினைவு வந்தது தேங்காய்ப்பூப் போட்டு வறுக்கும் வறை அல்ல, ஆட்டுக் கொட்டில். பச்சைக் குழையின் மணம் பட்டால் உடனே ஒரு கறுப்பு ஆட்டின் முகம் கண்முன் வந்துவிடும். யாழ்ப்பாணத்து ஆடாக்கும் என்று நினைப்பீர்கள். இல்லை, அது பிரெஞ்சுக்காரி.

எண்பதுகளின் நடுப்பகுதி. அகதி விண்ணப்பம் கொடுத்துவிட்டு, றெசெப்பிசே என்ற தற்காலிகத் தாளை நெஞ்சுப் பையில் வைத்துக்கொண்டு வேலை தேடித் திரிந்த காலம். லாச்சப்பலில் ஒரே அறையில் ஏழு பேர் இருந்தோம். பக்கத்துக் கூரைச் சந்தையில் சனிக்கிழமைகளில் ஜிசேல் என்ற பெண்மணி ஆட்டுப்பால் சீஸ் விற்பார். நாற்பத்தைந்து வயதிருக்கும். சிவந்த கைகள், உரத்த குரல். அவருடைய வான் வண்டியில் இருந்து நான் பெட்டிகளை இறக்கிக் கொடுப்பேன். அந்த மாரிக் குளிரில் அவரது கணவர் றோஜே கொட்டில் கூரையில் இருந்து விழுந்து காலை முறித்துக்கொள்ள, பன்னிரண்டு ஆடுகளையும் முயல்களையும் கோழிகளையும் பார்க்க ஆள் தேவைப்பட்டது. ஆடு வளர்த்துப் பழக்கமா என்று ஜிசேல் கேட்டார். ஓம் என்று தலையாட்டினேன். எங்கள் வீட்டில் ஆடு நின்றது உண்மைதான். பார்த்தது அம்மா. அதை விளக்கிச் சொல்லும் அளவுக்கு அப்போது எனக்குப் பிரெஞ்சு இல்லை, விருப்பமும் இல்லை.

பாரிஸுக்கு வடக்கே, அந்த வண்டியில் ஒன்றரை மணிநேரம். சிறிய காணி, கல் வீடு, அதோடு ஒட்டிய கொட்டில். றோஜே குசினிக்குப் பக்கத்து அறையில், மாக்கட்டுப் போட்ட காலைத் தலையணையில் தூக்கி வைத்துக்கொண்டு, ஊறப்போட்ட மிலாறுகளால் கூடை பின்னிக்கொண்டிருப்பார். சும்மா இருக்கத் தெரியாத மனிதர். சீஸ் அந்தக் கூடைகளில்தான் சந்தைக்குப் போகும். நல்ல கைகாரர், பொல்லாத கோபக்காரர். முதல் நாளே என்னைக் கூப்பிட்டுச் சொன்னார். அவர் சொன்னதை எங்கள் தமிழில் சொல்கிறேன்:

"நுவாறெத்துக்கு ஏதும் நடந்துதெண்டால், அண்டைக்கே நீ பாரிஸுக்கு ரெயில் ஏறலாம்."

நுவாறெத், அவர் போத்தல் பால் கொடுத்து வளர்த்த கறுப்பு ஆடு. தாய் ஈன்றவுடன் செத்துப்போனதாம். நான் அதைக் கறுப்பி என்பேன். தின்ன ஏதாவது இருந்தால் இரண்டு பெயருக்கும் ஓடி வரும்.

விடிய எழும்பிப் பால் கறப்பது, தயிராய் உறைந்ததை அகப்பையால் அச்சுகளில் வார்ப்பது, உப்புத் தடவிப் பிரட்டி வைப்பது, முயல்கூடு கழுவுவது. முதல் கிழமை கறுப்பி என் வாளியை நான்கு தரம் உதைத்துக் கவிழ்த்தது. பிறகு ஒருவரை ஒருவர் பழகிக்கொண்டோம். சொல்ல வெட்கமாக இருக்கிறது: ஊர் எரிந்துகொண்டிருந்த அந்த நாட்களில் நான் அங்கே சந்தோஷமாக இருந்தேன். சனிக்கிழமை சந்தை முடிந்து லாச்சப்பல் அறைக்குப் போனால்தான் சனியன் பிடிக்கும்.

"டேய், கிடாய் மணத்தோடை பாய்க்குக் கிட்ட வராதை. முதல்லை போய்க் குளி!"

அறைக்காரர்கள் சீஸைத் தொடமாட்டார்கள். முட்டையை மட்டும் மணக்கவில்லை என்று வாங்கி வைத்துக்கொள்வார்கள்.

எனக்கு அங்கே ஒரே ஒரு மனக்குறை. ஆடுகளுக்கு மாரி முழுவதும் காய்ந்த புல்தான். எங்கள் ஊரில் என்றால் கிளுவையோ முள்முருக்கோ பலாவோ, குழையை முறித்துக் கயிற்றில் கட்டித் தொங்கவிடுவோம். ஆடு எட்டி எட்டிக் கடிக்கும். அது தின்கிற அழகைப் பார்த்தாலே நமக்கும் பசிக்கும். அந்த ஜனவரியில் மரங்களெல்லாம் மொட்டையாக நிற்க, பக்கத்துப் பூட்டிய வீட்டு வளவில் ஒரு செடி மட்டும் தடித்த, மினுங்கும் கரும்பச்சை இலைகளோடு நின்றது. அச்சு அசல் பலாவிலை. ஒரு ஞாயிறு ஜிசேல் தேவாலயத்துப் பூசைக்குப் போயிருந்த நேரம், வேலியால் எட்டி ஒரு கட்டுக் குழை முறித்து வந்து, கொட்டில் கூரை வளையில் கயிறு போட்டுத் தொங்கவிட்டேன். கறுப்பி மற்ற ஆடுகளை இடித்துத் தள்ளிவிட்டுத் தானே முழுவதையும் தின்றது. அதனால்தான் மற்றவை தப்பின. நான் பெருமையோடு தடிகளைக் கூட்டி எருக்கும்பியில் போட்டேன்.

மத்தியானம் தாண்ட கறுப்பியின் வாயில் பச்சை நுரை. பல்லை நறநறவென்று கடித்து முனகியது. ஜிசேல் வந்து பார்த்துவிட்டு மிருக வைத்தியருக்குத் தொலைபேசி எடுத்தார். அவர் தூரத்தில் ஒரு மாட்டின் பிரசவத்தில் நின்றார். என்ன தின்றது என்று தெரியாமல் ஒன்றும் சொல்ல முடியாது என்றாராம்.

"புதுசா ஏதும் திண்டதோ? நீர் ஏதும் குடுத்தனீரோ?"

இல்லை என்று தலையாட்டினேன். இதை எழுதும்போது இப்போதும் கை கூசுகிறது.

உள்ளே இருந்து றோஜே கத்தினார்: "என்ன நடக்குது அங்கை? நுவாறெத்தோ?"

ரெயில், ஏழு பேர் அறை, வேலையில்லாத நாட்கள் எல்லாம் தலைக்குள் ஓடின. அப்போது கறுப்பி முன்னங்கால் மடிந்து விழுந்தது. அதற்குமேல் என்னால் முடியவில்லை. ஓடிப்போய் எருக்கும்பியைக் கிளறி, இலை ஒட்டியிருந்த ஒரு தடியைக் கொண்டுவந்து ஜிசேலின் கையில் கொடுத்தேன். அவர் இலையைப் பார்த்தார், வளையில் தொங்கிய கயிற்றைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். மறுபடி தொலைபேசிக்கு ஓடினார். அது ரொடொடெந்திரோன் என்ற பூஞ்செடியாம், ஆட்டுக்கு நஞ்சாம். கடுஞ்சாயத் தேநீர் பருக்கு, தலையைத் தாழவிடாதே என்று சொன்னாராம் வைத்தியர்.

அந்த வீட்டில் கோப்பி மட்டும்தான். தேயிலைத்தூள் என் பையில் இருந்தது. சாயம் நன்றாக இறங்கக் கொதிக்கவிட்டு, ஆறவைத்து, போத்தலில் ஊற்றிக் கடைவாய்ப் பக்கமாக மெல்ல மெல்லப் பருக்கினேன். ஜிசேல் கைகழுவிவிட்டு றோஜேயின் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார். ஐந்து நிமிடம். நான் மனதுக்குள் பையைக் கட்டி முடித்துவிட்டேன்.

கதவு திறந்தது.

"றோஜேக்கும் அந்தத் தேத்தண்ணியிலை ஒரு கோப்பை வேணுமாம்."

சீனி அள்ளிப் போட்டுக் கொடுத்தனுப்பினேன். மூன்றாம் நாள் கறுப்பி எழுந்து நின்றது. றோஜே அதைப் பற்றி என்னிடம் ஒரு சொல் சொல்லவில்லை. இவ்வளவு பெரிய மனசா என்று வியந்தேன். அடுத்த கிழமை ஜிசேல் ஒரு கட்டு ஐவிக் கொடியோடு கொட்டிலுக்குள் வந்தார்.

"இது நல்லது. கயித்திலை கட்டிவிடும்."

கட்டிவிட்டேன். பன்னிரண்டும் எட்டி எட்டித் தின்றன.

மூன்று வருடம் அங்கே இருந்தேன். பிறகு நிரந்தரத் தாள், பாரிஸில் வேலை, கலியாணம், புறநகர் எபினேயில் வீடு. ஆனாலும் ஆண்டுதோறும் புத்தாண்டுக்குத் தவறாமல் போவேன். போய், ஒரு தேயிலைப் பெட்டியை றோஜேயின் கையில் கொடுத்துத் தழுதழுக்க நன்றி சொல்வேன். அவர் ஏதோ முணுமுணுத்துக்கொண்டு வாங்கி வைப்பார்.

ஜிசேலை அடக்கம் செய்த அன்று குசினியில் றோஜேயும் நானும் மட்டும் இருந்தோம். அவர் வைன் ஊற்றினார்.

"ஞாபகம் இருக்கோ, நுவாறெத் கயித்தை அறுத்துக்கொண்டு பக்கத்து வளவுக்குள்ளை பாய்ஞ்சு நஞ்சுச் செடியைத் திண்டது? நீதான் கண்டு இழுத்துக்கொண்டு வந்தனியெண்டு ஜிசேல் சொன்னவ. நீ இல்லாட்டி அது அண்டைக்கே செத்திருக்கும்."

என் வாய் திறந்தது. ஆனால் நான் உண்மையைச் சொன்னால், அன்று காலை மண்ணுக்குள் போனவர் பொய்க்காரியாகிவிடுவார்.

"ஓம், பொல்லாத ஆடு" என்றேன்.

பிறகு றோஜேயும் போய்விட்டார். காணியை வாங்கியவர் கொட்டிலை இடித்துக் கார் நிறுத்துகிறார். அந்தப் பக்கத்தில் இப்போது ஆடு வளர்ப்பார் யாருமில்லை. நான் அத்தனை புத்தாண்டும் றோஜேக்கு நன்றி சொல்லிக்கொண்டிருந்தபோது, ஜிசேல் பக்கத்தில் நின்று சிரித்துக்கொண்டிருந்தார். அவருக்கு நான் ஒருமுறைகூடச் சொல்லவில்லை.