குனிந்தவரின் பேத்தி

சினிமாக்காரர்கள் எங்கள் பள்ளிக்கூடத்துக்கு வந்த நேரத்தில் நான் ஒன்பதாம் வகுப்பில் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரியும். ஜப்பான்காரர்கள் இந்தத் தீவுகளைப் பிடித்து வைத்திருந்த காலத்தைப் பற்றி மெயின்லேண்டிலிருந்து ஒரு தமிழ்ப் படம் எடுக்க வந்திருந்தார்கள். வரலாறு தப்பாமல் பார்த்துச் சொல்ல உள்ளூரில் ஓர் ஆள் வேண்டுமாம். நான் வரலாற்று ஆசிரியை. அந்தக் காலத்தைப் பற்றி அச்சில் வந்த எதுவும் என் கண்ணுக்குத் தப்பியதில்லை. டெலானிபூர் குவார்ட்டர்ஸில் என் கட்டிலுக்கு அடியில் பெட்டி பெட்டியாக அந்தப் புத்தகங்கள்தான் கிடக்கின்றன. அந்த வேலை எனக்கு வராமல் வேறு யாருக்கு வரும்?

கணக்கு டீச்சருக்கு வந்தது.

ஆசிரியர் அறையில் டைரக்டர் கேட்டது ஒரே கேள்விதானாம்: “இங்க ப்ரீ-ஃபார்ட்டி-டூ குடும்பம் யாராவது இருக்கீங்களா?” நாற்பத்திரண்டில் ஜப்பான்காரர்கள் வந்து இறங்குவதற்கு முன்பே இங்கே குடியிருந்தவர்களை அப்படித்தான் சொல்வார்கள். இந்தத் தீவில் அது ஏறக்குறைய ஒரு சாதிப் பெயர் மாதிரி. சலுகையும் உண்டு, மரியாதையும் உண்டு. கணக்கு டீச்சர் கையைத் தூக்கியிருக்கிறாள். வெள்ளைக்காரன் காலத்திலேயே அவள் முன்னோர் இங்கே வந்துவிட்டார்கள். என் அப்பா அறுபதுகளில் கொத்தனார் வேலைக்குக் கப்பலேறி ஹேடோ துறைமுகத்தில் இறங்கியவர். நான் இங்கேயே பிறந்தவள்தான். ஆனாலும் யாரைப் பார்த்தாலும், “நீங்க எப்ப வந்தவங்க?” என்றுதான் ஆரம்பிப்பார்கள்.

“அக்கா, நீங்களும் ஷூட்டிங்குக்கு வாங்க. எனக்கு ஹிஸ்டரி குச் நஹி, ஒண்ணும் தெரியாது. எங்க தாதா பத்தி அப்பா சொன்னது மட்டும்தான் மாலூம்” என்றாள் கணக்கு டீச்சர், இங்கே பழைய குடும்பங்கள் பேசுகிற இந்தி கலந்த தமிழில்; தாத்தா அவளுக்குத் தாதா. தினமும் பாம்பூஃப்ளாட்டிலிருந்து படகில் வந்து, மத்தியானம் என் டப்பாவிலிருந்து குழம்பு ஊற்றிக்கொள்கிறவள். கள்ளமில்லாமல்தான் கூப்பிட்டாள். திமிராகச் சொல்லியிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

ஷூட்டிங் அவள் ஊர்ப் பக்கத்துக் கரையில்தான் நடந்தது. ஞாயிற்றுக்கிழமையானால் போய்விடுவேன். மாயாபந்தரிலிருந்து வந்த, பர்மா வம்சாவளிக் கரேன் பையன்கள் ஜப்பான் உடுப்பில் சமோசா தின்றுகொண்டிருப்பார்கள். கணக்கு டீச்சருக்கு டைரக்டர் பக்கத்தில் நாற்காலி, மேலே குடை. எனக்குக் கயிற்றுக்கு இந்தப் பக்கம், கூட்டத்தோடு கூட்டமாக, வெயிலில் நிற்கிற பாக்கியம்.

சும்மா நிற்கவில்லை, குற்றம் கண்டுபிடித்துக்கொண்டே நின்றேன். அரிசி மூட்டையெல்லாம் பிளாஸ்டிக் சாக்கு. பட்டினி கிடக்கிற ஊர் என்று சொல்லிவிட்டு, கூட்டத்தில் நின்ற ஆட்களெல்லாம் கன்னம் உப்ப இருந்தார்கள். ஓர் உதவி டைரக்டரைக் கூப்பிட்டு ஒவ்வொன்றாகச் சொன்னேன். அவன் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு எனக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்தான். தவறு தென்படத் தென்பட எனக்கு உள்ளூரக் குளிர்ந்தது. நான் இல்லாத படம் நாசமாகப் போகட்டும் என்றுதான் இருந்தது.

பிறகு அந்தக் காட்சி வந்தது. அது கணக்கு டீச்சர் சொன்ன வீட்டுக் கதை. அவள் தாத்தா அப்போது கல்யாணமாகாத இளைஞர். காவலுக்கு நிற்கிற ஜப்பான் சிப்பாயைக் கடந்து போகிறவர்கள் எல்லாரும் குனிய வேண்டும். முதல் நாள் அவர் நம் வழக்கப்படி இரண்டு கையையும் கூப்பி வணக்கம் சொல்லியிருக்கிறார். கன்னத்தில் விழுந்த அறையில் கீழே விழுந்துவிட்டார். மறுநாளிலிருந்து கையைத் தொடையோடு ஒட்டி, இடுப்பை மடித்துக் குனியக் கற்றுக்கொண்டாராம். போர் முடிகிற வரைக்கும் குனிந்தாராம்.

என் பெட்டிகளில் எத்தனையோ இடத்தில் குனிந்தார்கள் என்றும் அறை வாங்கினார்கள் என்றும் இருக்கிறது. கையைக் கூப்பியதற்கு அறை விழுந்தது எந்தப் புத்தகத்திலும் இல்லை. அதைக் கேட்டபோது எனக்கு வந்த பொறாமையை எப்படிச் சொல்ல? இருபது வருடமாகத் தேடியலைந்தது நான். அவளோ அதைச் சோற்றோடு சோறாகத் தின்று வளர்ந்திருக்கிறாள்.

டைரக்டருக்கு அந்த அறை பிடித்திருந்தது. அதற்கப்புறம் குனிவதுதான் பிடிக்கவில்லை. “மறுநாள் அவன் குனிய மாட்டான்மா. நிமிர்ந்து நிப்பான். சுட்டுருவாங்க. தியேட்டரே எந்திரிச்சு நிக்கும்” என்றார்.

“நஹி சார், எங்க தாதா குனிஞ்சார். அப்படி நடக்கவே இல்ல” என்று அவள் எழுந்துவிட்டாள். அவர் மசியவில்லை. கடைசியில் அவள் கூட்டத்தைப் பார்த்துக் கையைக் காட்டினாள். “எங்க அக்காவைக் கேளுங்க. அவங்க எல்லாம் படிச்சவங்க.”

கயிற்றைத் தூக்கி என்னை உள்ளே விட்டார்கள். இத்தனை வாரம் நான் காத்துக் கிடந்தது அந்த நிமிடத்துக்குத்தான். “குனியாதவங்களும் இருந்திருப்பாங்க, சார். ஆனா இவங்க தாத்தா குனிஞ்சார்னா குனிஞ்சார்தான். அத மாத்தாதீங்க” என்றேன். டைரக்டர் முதல் பாதியோடு எழுந்துவிட்டார். “பாத்தீங்களா, ஹிஸ்டரி டீச்சரே சொல்லிட்டாங்க!” என்று கேமராவைப் பார்த்துப் போனார். இரண்டாம் பாதியை நான் அவர் முதுகிடம் சொன்னேன். அந்த எரிச்சலிலும், அத்தனை பேர் முன்னால் என்னை ஹிஸ்டரி டீச்சர் என்றது எனக்கு இனித்தது.

படம் வெளிவந்ததும் அவள் வீட்டில் உட்கார்ந்து டிவியில் பார்த்தோம். அவள், அவள் வீட்டுக்காரர், போர் முடிந்த பிறகு பிறந்த அவள் அப்பா, நான். பெயர் போடும்போது ‘வரலாற்று ஆலோசனை’ என்று அவள் பெயர் தனியாக, பெரிதாக வந்தது. என் பெயரை ‘நன்றி’ என்ற தலைப்புக்குக் கீழே, ஒரு பிரியாணிக் கடைக்கும் ஒரு படகுக்காரருக்கும் நடுவில் போட்டிருந்தார்கள். அதுவும் கண்ணிமைப்பதற்குள் ஓடிப்போயிற்று.

அந்தக் காட்சி வந்தது. இளைஞன் நெஞ்சை நிமிர்த்தி நின்றான். இசை முழங்கியது. சுட்டார்கள், விழுந்தான். அவள் அப்பாதான் மெதுவாகக் கேட்டார்.

“இவன இங்கயே சுட்டுட்டா, நான் எப்புடிம்மா பொறந்தேன்?”

நாங்கள் எல்லாரும் சிரித்துவிட்டோம். அவர் சிரிக்கவில்லை. நாற்காலியைப் பிடித்து எழுந்து நின்று, இரண்டு கையையும் தொடையோடு ஒட்டிவைத்து, டிவியைப் பார்த்து இடுப்பை மடித்துக் குனிந்தார். “இப்புடித்தான். என்னைப் பெத்த பாபா எனக்குச் செஞ்சு காட்டுனாரு. குனிஞ்சதாலதான் நாங்கள்லாம் இருக்கோம்” என்றார். கணக்கு டீச்சர் முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். அவள் வீட்டுக்காரர் டைரக்டரைக் கெட்ட வார்த்தையில் திட்டினார். அந்த வீடே கொதித்துக்கொண்டிருந்தது. நானும் சேர்ந்து திட்டிப் பார்த்தேன். எனக்கு மனசு ஒட்டவில்லை.

படகில் திரும்பும்போதும் அவள் அழுத முகம் கண்ணிலேயே நின்றது. எனக்கு அவள்மேல் இரக்கம் வரவில்லை, பொறாமைதான் இன்னும் ஏறியது. அந்தப் படத்தால் அவள் தாத்தாவைப் பற்றிப் பொய் சொல்ல முடிந்தது. என் வீட்டைப் பற்றி ஒரு பொய் சொல்லக்கூட அதில் இடமில்லை.