மம்பட்டியோடு உடற்பயிற்சிக்குப் போனவர்

நல்லேப்பிள்ளியில் காளிச்சாமிக்குப் பிடிக்காதவர்களின் பட்டியல் நீளமானது. அதில் புதிதாகச் சேர்ந்தவர்கள், காலை ஆறு மணிக்குக் கல்யாண மண்டபத்தில் கூடி, பாட்டைப் போட்டுக்கொண்டு கையைக் காலை ஆட்டும் நாற்பது பேர். "திங்கற சோறு செரிக்காத கூட்டம்! வயல்ல எறங்கி ஒரு நாளு நாத்து நட்டா இந்தக் கூத்தெல்லாம் எதுக்கு?" என்பார். அவர் கடைசியாக வயலில் குனிந்தது எப்போது என்று கேட்க ஊரில் யாருக்கும் துணிச்சல் இல்லை. நாற்பது வருடமாக வரப்பில் குடை பிடித்து நின்று ஆட்களை அதட்டியதுதான் அவர் பார்த்த விவசாயம். ஐம்பத்தெட்டு வயதில் முட்டி இரண்டும் மடங்க மறுத்தன.

முட்டியை அவர் பெரிதாக எடுத்துக்கொண்டிருக்க மாட்டார். மகள் யோகப்பிரியாவுக்கு வைகாசியில் கல்யாணம் என்று முடிவானதுதான் வினையாயிற்று. தாரை வார்க்கும்போது பெண்ணைப் பெற்றவன் மணையில் சம்மணமிட்டு உட்கார வேண்டும். ஆறு வருடம் முன்பு அவருடைய பங்காளி குப்பண்ணன், முட்டி வலி தாங்காமல் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து மகளைத் தாரை வார்த்தார். அன்று பந்தியிலேயே அவருக்கு 'சேர் குப்பண்ணன்' என்று பெயர் வைத்த புண்ணியவான் காளிச்சாமிதான். பெயர் ஒட்டிக்கொண்டது. பால் சொசைட்டியில்கூட அப்படிச் சொன்னால்தான் ஆளைத் தெரியும். இப்போது அதே நாற்காலி காளிச்சாமிக்கும் வரப்போகிறது.

ஆகவே, மாசி அறுப்பு முடிந்த ஒரு காலையில் மம்பட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினார்.

"ஏனுங்க, இந்நேரத்துக்கு எங்கீங்க?" என்றாள் மனைவி நாச்சம்மாள்.

"மடை திருப்பீட்டு வந்தர்றேன்."

வாய்க்காலில் தண்ணீரை நிறுத்திப் பத்து நாள் ஆகியிருந்தது. இதைக்கூட யோசிக்காமல் ஒரு விவசாயி பொய் சொல்வாரா? சொன்னார். நாச்சம்மாள் மம்பட்டியை ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

மம்பட்டியை மண்டபச் சுவரில் சாத்திவிட்டு, கடைசி வரிசையில் தூணுக்குப் பின்னால் நின்றார். பயிற்சி கொடுத்தவள் பள்ளிக்கூடத்து பி.டி. டீச்சர் அனுப்பிரியா. கையைத் தூக்கிச் சத்தமாகச் சிரிக்கச் சொன்னாள். நாற்பது பேரும் காரணமே இல்லாமல் சிரித்தார்கள். தூ, இதெல்லாம் ஒரு பிழைப்பா என்று அவர் முகத்தைச் சுளித்தபோது, முன்வரிசையிலிருந்து குப்பண்ணன் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்புக்கு மட்டும் காரணம் இருந்தது.

கடைசியில் ஜோடிப் பயிற்சி. எதிரெதிரே நின்று கைகோத்து, மெல்லத் தரையில் உட்கார்ந்து, ஒருவரை ஒருவர் இழுத்து எழுப்ப வேண்டும். காளிச்சாமியோடு சேர யாரும் வரவில்லை. அவர் வாயில் விழாதவர் அங்கே ஒருவருமில்லை. குப்பண்ணன்தான் வந்து கையை நீட்டினார்.

"புடிடா. சேரு, சேருன்னு கேட்டுக் காது புளிச்சுத்தான் நானு இங்க வந்தேன். உன்னய யாரு தொரத்துனாங்க?"

காளிச்சாமி கையைப் பிடித்தார்.

ஒரே மாதத்தில் அவர் தூணை விட்டு இரண்டாம் வரிசைக்கு வந்தார். டீச்சரை முந்திக்கொண்டு எண்ணிக்கை போட்டார். ஒரு நாள் வராதவனை மறுநாள் மடக்கி, "எங்கடா தொலஞ்சே?" என்று அதட்டினார். சிரிப்புப் பயிற்சியில் அவர் சத்தம் தெருமுனை வரை கேட்டது. மனுஷனுக்கு அந்த ஒரு மணி நேரம் அத்தனை குஷி. ஆனால் டீக்கடைக்கு வந்ததும், "வேல வெட்டியில்லாத கூட்டம்" என்று பழைய பாட்டையே பாடுவார். பிடித்திருக்கிறது என்று சொல்லும் யோக்கியதை அவரிடம் இல்லை.

கல்யாணத்துக்கு முதல் நாள் நாச்சம்மாள் கேட்டாள். "மூணு மாசமா மடை திருப்பறீங்க. மம்பட்டியில ஒரு பொட்டு மண்ணு ஒட்டுலீங்களே?"

முகூர்த்தத்தில் காளிச்சாமி மணையில் அட்டகாசமாகச் சம்மணமிட்டு உட்கார்ந்தார். தாரை வார்த்தார். 'பார்த்துக்கொள்ளுங்கடா' என்று சபையை ஒரு சுற்றுப் பார்த்தார். பிறகு எழப் பார்த்தார், முடியவில்லை. இன்னொரு முறை முயன்றார். அப்போதுதான் உறைத்தது: மூன்று மாதத்தில் ஒரு நாள்கூட அவர் தரையிலிருந்து தனியாக எழுந்ததில்லை. யோகப்பிரியா திகைத்து அப்பாவைப் பார்த்தாள். யாரோ நாற்காலியை இழுக்கும் சத்தம் கேட்டது.

"குப்பண்ணா, கை குடுடா" என்றார் காளிச்சாமி. ஆறு வருடத்தில் அவர் 'சேர்' போடாமல் அந்தப் பெயரைச் சொன்னது அதுதான் முதல் தடவை.

குப்பண்ணன் மேடையேறிக் கையைக் கொடுத்து, "ஒண்ணு... ரெண்டு..." என்று எண்ணினார். சபையில் இருந்த நாற்பது பேரும் பழக்க தோஷத்தில் "மூணு!" என்று கத்திக் கை தட்டினார்கள். காளிச்சாமி எழுந்துவிட்டார்.

அன்றைய பந்தி முடிவதற்குள் ஊருக்குள் புதுப் பெயர் கிளம்பிவிட்டது: 'கைகுடு காளிச்சாமி'. வைத்தவர் யாரென்று விசாரிக்கத் தேவையில்லை.

மறுநாள் காலை ஆறு மணிக்கு மம்பட்டி இல்லாமல் மண்டபத்துக்குப் போனார்.

"வாப்பா கைகுடு!" என்றார் குப்பண்ணன்.

காளிச்சாமி எதிரே போய் நின்று இரண்டு கையையும் நீட்டினார். "வாய மூடீட்டுப் புடிடா."