திருப்பதி மொட்டை

பட்டினப்பாக்கம் மீன் கடை வரிசையில் முனியம்மாளின் வாய்க்குப் பயப்படாதவர்கள் கிடையாது. யாராவது கொஞ்சம் தடுமாறிப் பேசினால் போதும், "கீழ்ப்பாக்கம் கேஸு" என்று பைத்தியக்காரப் பட்டம் கட்டிவிடுவாள். நுணலும் தன் வாயால் கெடும் என்பது அவள் விஷயத்தில் சரியாகப் போயிற்று.

ஆடியில் அவளுக்கு விடாத தலைவலி. ஒருநாள் இடது இமை தானாக இறங்கிக்கொண்டது. ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்தார்கள். மூளையின் பின்பக்க ரத்தக்குழாய் ஒன்று பலூன் மாதிரி உப்பியிருக்கிறதாம். வெடித்தால் ஆள் தேறுவது கஷ்டமாம். தலையை மழித்து, மண்டையோட்டைத் திறந்து, உப்பின இடத்தில் சின்னதாக ஒரு கிளிப் மாட்டி மூடினார்கள். பிழைத்தாள். இமையும் மெல்ல ஏறியது.

மூளை ஆபரேஷன் என்று சொன்னால் என்ன பட்டம் கிடைக்கும் என்பது அவளுக்கா தெரியாது? தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு கடைக்குத் திரும்பியவள், "திருப்பதில மொட்ட போட்டேன். தலவலி வுட்டுச்சு," என்றாள். புரட்டாசி மாதம், எல்லோரும் நம்பினார்கள். லட்டு கேட்டார்கள். தி.நகர் ஸ்வீட் கடையில் வாங்கிப் பிட்டுக் கொடுத்தாள். பக்கத்துக் கடை அன்புக்கரசி அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு வாயில் போட்டபோது முனியம்மாளுக்குக் கூசியது. ஆனாலும் வாயைத் திறக்கவில்லை.

ஐப்பசியில் அன்புக்கரசிக்குத் தலைவலி வந்தது. ஒரு காலை அவள் இமையும் இறங்கியிருந்தது. முனியம்மாள் பார்த்தாள். தூக்கம் கெட்டிருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு வஞ்சிரத்தை வெட்டினாள்.

மறுநாள் அன்புக்கரசி பையோடு வந்து நின்றாள்.

"சாயங்காலம் பஸ்ஸு, அக்கா. ஏழுமலையான் உனுக்கு சரி பண்ண மாதிரி எனுக்கும் பண்ணுவாரு. மொட்ட போட்டுக்கினு வந்துர்றேன். கடைய பாத்துக்க."

முனியம்மாள் எழுந்தாள். மீன் வாங்க வந்தவர்கள் பார்க்கத் துண்டை அவிழ்த்தாள். காதுக்கு மேலிருந்து பின்மண்டை வரை தையல் போட்ட தழும்பு.

"திருப்பதியும் இல்ல, ஒண்ணும் இல்ல. மண்டைய தொறந்து ஆபரேசன் பண்ணாங்க. எனுக்கும் இப்டிதான் கண்ணு எறங்குச்சு. பஸ்ஸெல்லாம் வேணாம். வா, ஆஸ்பத்திரிக்கு."

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை என்றிருந்தது அவளுக்கு.

ஆட்டோ சாந்தோம் தாண்டியது. அன்புக்கரசி திறந்திருந்த ஒற்றைக் கண்ணால் அவளைப் பார்த்தாள்.

"நேத்தே என் கண்ண பாத்தியேக்கா. ஏன் சொல்லல?"

வெட்கத்தில் முனியம்மாளுக்கு உடம்பே குன்றிப்போயிற்று. ஆட்டோக்காரரிடம், "கொஞ்சம் வேகமா போ நைனா," என்றாள்.