பூவன் கொண்டு வந்த மணல்

எங்கள் பூவனின் முன்னங்காலைத் தூக்கி மூக்கருகே கொண்டுபோனால் வறுத்த சோளத்தின் வாசனை வரும். நாய் வளர்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். வளர்க்காதவர்கள் முகத்தைச் சுளிப்பார்கள், சுளித்துவிட்டுப் போகட்டும். சித்திரை மாதத்தில் வெயில் தாழ்ந்து, வாசலில் தண்ணீர் தெளித்த மண் மணக்கிற நேரத்தில், கொல்லைப்படியில் உட்கார்ந்து அந்தப் பாதத்தை விரித்துப் பார்த்தால் விரல்களுக்கு நடுவே ஆற்று மணல் ஒட்டிக்கொண்டிருக்கும். தொட்டால் வெயிலின் சூடு இன்னும் கொஞ்சம் மிச்சமிருக்கும். அந்தச் சூட்டுக்காக நான் ஒரு கோடையில் தினமும் காத்துக்கிடந்தேன்.

ஸ்ரீரங்கத்தில் அம்மா மண்டபம் சாலையிலிருந்து பிரிகிற சந்து ஒன்றில் எங்கள் வீடு. அப்பாவுக்குக் காந்தி மார்க்கெட்டில் வாழைக்காய் 'மண்டி'. விடிவதற்கு முன்பே சைக்கிளில் காவிரிப் பாலத்தைத் தாண்டிப் போய்விட்டு மதியச் சாப்பாட்டுக்குத்தான் வீடு திரும்புவார். ஒரு நாள் அப்படி வந்தபோது, சைக்கிள் கேரியரில் கட்டியிருந்த கூடைக்குள், வாழைச் சருகின் மேல் ஒரு நாய்க்குட்டி உட்கார்ந்து எங்களைப் பார்த்தது. மார்க்கெட்டில் வாழைத்தார் இறக்குகிற ஆட்கள் சோறு போட்டு வளர்த்த நாயின் குட்டி அது. உடம்பெல்லாம் மஞ்சள், அங்கங்கே கறுப்புப் புள்ளி. "பூவம்பழமாட்டமே இருக்குதே" என்று அம்மா சொன்னாள், அதுவே பெயராகிவிட்டது. தெருவில் மற்ற நாய்களெல்லாம் டாமி, ஜிம்மி, சீசர் என்று சீமைப் பெயரோடு திரிந்தபோது எங்கள் வீட்டு நாய் மட்டும் பழத்தின் பெயரோடு திரிவது தம்பி ரவிக்குப் பெரிய அவமானமாக இருந்தது. எனக்கு அந்தப் பெயர் பிடித்திருந்தது. அம்மா வேளை தவறாமல் அவனுக்குச் சோறு வைப்பாள், ஆனால் தொடமாட்டாள். "தொட்டா கை கழுவணும், கழுவிக்கிட்டே இருந்தா சமையல யாரு பாக்குறது?" என்பாள்.

பெண்பிள்ளை தனியாக வெளியே போகக்கூடாது என்பது எங்கள் வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்லாத, ஆனால் எல்லாருக்கும் தெரிந்த சட்டம். அந்தச் சட்டத்தைப் பூவன் வந்து உடைத்தான். அவன் வளர்ந்து வாட்டசாட்டமாக நின்ற பிறகு, கடைக்கு யாரை அனுப்புவது என்ற பேச்சு வந்தால் அப்பா சாப்பாட்டிலிருந்து தலையை நிமிர்த்தாமலே, "பாப்பா போகட்டும், பூவன் கூடப் போறான்ல" என்றுவிடுவார். எதிர்வீட்டு அத்தைக்கு இது பொறுக்காது. "பொட்டப் புள்ளைய இப்புடித் தனியா அனுப்புறீங்களேங்க" என்று அவர் இழுக்கும்போது அம்மா, "தனியாவா போறா? நாயி போவுதுல்லங்க" என்று பதில் சொல்வாள். நாயை ஓர் ஆள் என்று கணக்கில் சேர்த்துக்கொண்ட குடும்பம் அந்தச் சந்திலேயே எங்களுடையது ஒன்றுதான். தோழிகள் எல்லாரும் கோடை விடுமுறையில் வீட்டுக்குள் பல்லாங்குழி ஆடிக்கொண்டிருந்தபோது நான் ஒரு மஞ்சள் பையும் ஒரு நாயுமாக ஊரைச் சுற்றினேன். எனக்கு அப்போது கொஞ்சம் திமிர் கூட இருந்தது.

வேலை என்று பார்த்தால் ஒன்றும் பெரிதாக இல்லை. மாவு மில்லுக்குப் போய்க் கேழ்வரகோ மிளகாயோ அரைத்துக்கொண்டு வரவேண்டும், அவ்வளவுதான். மில்காரர் மாமாவுக்குப் புருவத்திலிருந்து பாதம்வரை மாவு படிந்திருக்கும். எங்கள் முறை வருகிறவரை பூவன் மெஷினுக்குப் பக்கத்துச் சிமெண்டுத் தரையில் மூக்கை வைத்துப் படுத்துக்கொள்வான், எழுந்திருக்கும்போது அவன் மூக்கும் வெள்ளையாகியிருக்கும். "அடுத்த ஆளு யாருங்க?" என்று மாமா கூப்பிட்டால் பூவன்தான் முதலில் எழுந்து போய் நிற்பான். அரைத்த மாவு பையின் வழியாக இடுப்பில் சுடும். நேரே வீட்டுக்குப் போகவேண்டியதுதான், ஆனால் நேரே போவதற்கா நாயைக் கூட்டிக்கொண்டு வந்தேன்? மண்டபத்துக்குக் கொஞ்சம் முன்னால் வேப்ப மர நிழலில் வெள்ளரிப்பிஞ்சு விற்கிற அம்மா உட்கார்ந்திருப்பார். பிஞ்சை நாலாகக் கீறி உப்பும் மிளகாய்த்தூளும் தடவி என்னிடம் கொடுத்துவிட்டு, மிளகாய் தடவாத நுனியைப் பூவனுக்குப் போடுவார். வெள்ளரிக்காய் தின்கிற நாயை அவர் அதற்கு முன் பார்த்ததில்லையாம்.

அங்கிருந்து படித்துறை வழியாக ஆற்றுக்குள் இறங்குவோம். கோடையில் காவிரி என்பது அக்கரைவரை வெறும் மணல், தூரத்தில் மலைக்கோட்டைப் பக்கமாக ஒரு வாய்க்கால் அளவுக்குத் தண்ணீர். செருப்பில்லாத காலைச் சுடும் என்பதால் ஓடுவோம், ஓடிப்போய் பாலத்தின் நிழல் விழுந்த இடத்தில் மண்டியிட்டு நான் இரண்டு கையாலும் மணலைத் தோண்டுவேன், பூவன் முன்னங்காலால் தோண்டுவான். முழங்கை அளவு போனதும் மணல் கறுத்து ஈரமாகும், இன்னும் கொஞ்சம் தோண்டினால் அடியிலிருந்து தண்ணீர் மெல்லச் சுரந்து குழி நிறையும். அதற்கு 'ஊத்து' என்று பெயர். முதலில் வருகிற கலங்கலை அள்ளி வெளியே கொட்டிவிட்டு, தெளிந்ததும் கையில் ஏந்திக் குடித்தால் பல் கூசும். நான் குடித்து முடிக்கிறவரை பூவன் பொறுமையாகக் காத்திருந்து, அதன் பிறகு குடித்துவிட்டு, தன் வயிற்றை அந்தக் குழிக்குள் அப்படியே வைத்துப் படுத்துவிடுவான். அந்த நேரத்தில் அவன் முகத்தில் தெரிகிற நிம்மதியை நான் பிறகு எந்த மனிதர் முகத்திலும் பார்க்கவில்லை.

அப்படிப் போய்க்கொண்டிருந்த ஒரு கோடையின் நடுவில் நான் வயதுக்கு வந்துவிட்டேன்.

முசிறியிலிருந்து தாய்மாமா சீர்த்தட்டுகளோடு பஸ்ஸில் வந்து இறங்கினார். மஞ்சள் தேய்த்துத் தலைக்குத் தண்ணீர் ஊற்றினார்கள், உளுத்தங்களியும் நல்லெண்ணெயும் கொடுத்தார்கள், பட்டுப் பாவாடையும் தாவணியும் கட்டி நடுக்கூடத்தில் உட்கார வைத்துப் பாட்டுப் பாடினார்கள். எல்லாரும் என்னைப் பார்த்துச் சிரித்ததால் ஏதோ நல்லதுதான் நடந்திருக்கிறது என்று நானும் நினைத்துக்கொண்டேன். விருந்தாளிகள் ஊருக்குப் போனபின் ஒரு மாலை, மாவு அரைக்கவேண்டும் என்ற பேச்சு வந்தது. நான் ஆணியில் தொங்கிய மஞ்சள் பையை எடுத்தேன், கொல்லையில் பூவன் எழுந்து உடம்பை உதறிக்கொண்டான். "நீ வையி பாப்பா, இனிமே தம்பி போவான்" என்றாள் அம்மா. "பூவன் கூட வர்றானேம்மா?" என்று கேட்டேன். அம்மா அப்பாவைப் பார்த்தாள். அப்பா என்னைப் பார்க்கவில்லை. வெற்றிலையைத் துடைத்துக்கொண்டே, "சொன்னாக் கேட்டுக்கச் சொல்லு" என்று அம்மாவிடம் சொன்னார். அன்றிலிருந்து அவர் என்னோடு பேசவேண்டியதையெல்லாம் அம்மா வழியாகவே பேசினார்.

ரவி பூவனைக் கயிற்றில் கட்டி இழுத்துக்கொண்டு போனான். சந்து முனைவரைக்கும் போன பூவன் அங்கே நடுத்தெருவில் உட்கார்ந்துவிட்டான். "ஒன் நாயி எருமையாட்டம் ஒக்காந்துக்கிச்சு, நான் கூட்டிப் போகமாட்டேன்" என்று தம்பி பையோடு தனியாகப் போய்வந்தான். ஆண்பிள்ளைக்கு நாய் எதற்கு?

கொல்லைக் கதவுக்கு அந்தப் பக்கம் பூவன் இரண்டொரு நாள் என்னைப் பார்த்துக் குரைத்தான், கதவைப் பிராண்டினான், பிறகு வேலியைத் தாண்டிக் குதித்துப் போய்விட்டான். ஓடிப்போய்விட்டான் என்று நான் அழுதேன். விளக்கு வைக்கும் நேரத்தில் திரும்பி வந்தான். மூக்கில் மாவு. வாயோரத்தில் ஒரு வெள்ளரி விதை. வயிற்று மயிரெல்லாம் ஈரம், பாதத்தில் மணல். நான் அவனைக் கட்டிக்கொண்டு அந்தப் பாதத்தை முகர்ந்தேன். எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. மில்லுக்குப் போயிருக்கிறான், என் முறை வருகிறவரை படுத்திருக்கிறான், மரத்தடியில் நின்றிருக்கிறான், பாலத்து நிழலில் தானே ஊத்துத் தோண்டி அதில் படுத்திருக்கிறான்.

அதன்பின் தினமும் அந்த நேரத்துக்குக் கிளம்பிவிடுவான். அவன் உடம்பைப் பார்த்தே ஊரில் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ளப் பழகினேன். மூக்கில் மாவு இல்லையென்றால் இன்று கரண்ட் இல்லை, மில் ஓடவில்லை. மூக்கு சிவந்து தும்மிக்கொண்டே வந்தால் யாரோ மிளகாய் அரைத்திருக்கிறார்கள். வயிறு நனையாமல் வந்தால் ஊத்தில் தண்ணீர் கீழே போய்விட்டது, பாவம், எவ்வளவு தோண்டியும் கிடைக்கவில்லை. மில்காரர் மாமா பாலத்தில் அப்பாவைப் பார்த்து, "நாயி மட்டும் வந்து வரிசையில நிக்குதுங்க, பாப்பா ஊருக்குப் போயிருக்காங்களா?" என்று கேட்டாராம். அப்பா என்ன பதில் சொன்னார் என்று தெரியவில்லை. மாமா கேட்டதை அம்மாவிடம் சொன்னபோது அவருக்கு முகம் நன்றாக இல்லை.

ஒரு நாள் நான் தலைக்குக் குளித்து முடியை உலர்த்திக்கொண்டிருந்தபோது பூவன் வந்துவிட்டான். நான் உட்காருகிற கொல்லைப்படியில் அன்று அம்மா உட்கார்ந்திருந்தாள். அவன் வழக்கம்போல் முன்னங்காலை நீட்டினான், ஆள் மாறியது தெரியாமல். அம்மா சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு அந்தக் காலைக் கையில் வாங்கிக்கொண்டாள். அவள் அவனைத் தொட்டு நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. விரல் இடுக்கிலிருந்த மணலைத் தன் உள்ளங்கையில் உதிர்த்து, மூடி, "ஆத்துக்குப் போனியாடா?" என்று கேட்டாள். பிறகு என் பக்கம் திரும்பாமலே பேசினாள். "முசிறியில எங்க கொல்லையைத் தாண்டுனா ஆறுதான். பொழுதன்னைக்கும் மணல்லதான் கெடப்பேன். உன் வயசுல நின்னுபோச்சு. அப்புறம் கல்யாணம் ஆகி பஸ்ஸுல வரும்போது ஜன்னல்ல பாத்தேன்." இதோ சொல்லப்போகிறாள், 'போயிட்டு வா பாப்பா, நான் அப்பாகிட்ட சொல்லிக்கிறேன்' என்று சொல்லப்போகிறாள் என்று நினைத்தேன். அம்மா எழுந்து வேலிப் படலைத் திறந்தாள், சந்துப் பக்கம் கொஞ்ச நேரம் பார்த்தாள், சாத்தினாள். "அடுப்பப் பத்த வைக்கணும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். கையை அவள் கழுவவில்லை.

பள்ளிக்கூடம் திறந்தது, தெருப் பெண்களோடு கும்பலாகப் போய்க் கும்பலாகத் திரும்பினேன். மேட்டூரில் தண்ணீர் விட்டார்கள். பூவன் முழு உடம்பும் நனைந்து வரத் தொடங்கினான், பாதத்தில் மணல் இல்லை, வண்டல்தான் இருந்தது. ஆடிப்பெருக்கன்று தெருப் பெண்கள் காப்பரிசியும் கருகமணியும் எடுத்துக்கொண்டு ஆற்றுக்குக் கிளம்பியபோது அம்மா என்னையும் அழைத்துப் போனாள். பூவன் எங்களுக்கு முன்னால் ஓடினான், மில் வாசலில் நின்று திரும்பிப் பார்த்தான், வேப்ப மரத்தடியில் நின்று திரும்பிப் பார்த்தான். படித்துறையில் கூட்டத்தைப் பிளந்துகொண்டு கடைசிப் படிவரை போய், கரை புரண்டு ஓடுகிற தண்ணீரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துக் குரைத்தான். என்னை அழைத்து வந்துவிட்டான், நாங்கள் தோண்டுகிற இடத்தைத்தான் காணவில்லை. நான் தாவணி நுனியை வாயில் வைத்துக்கொண்டு அழுதேன். அம்மா என்ன நினைத்தாளோ, எனக்கு மஞ்சள் கயிறு கட்டிவிட்டாள்.

அடுத்த கோடையில் மணல் திரும்பி வந்தது. பூவன்தான் போகவில்லை. மாலையானால் கொல்லைப்படியில் என் பக்கத்தில் படுத்து வேலியைப் பார்த்துக்கொண்டிருப்பான், தாண்டமாட்டான். அவன் பழகிக்கொண்டான், நானும் பழகிக்கொண்டேன், எனக்கு இன்றைக்கும் ஆறாதது அதுதான். நான் கல்லூரி விடுதியில் இருந்தபோது அவன் செத்துப்போனான். கொல்லையில் வாழையடியில் புதைத்ததாக ரவி சொன்னான். அம்மாதான் துணி போட்டுத் தூக்கினாளாம்.

அம்மா மேல் எனக்கு வெகுகாலம் கோபம் இருந்தது. அவளும் போய்ச் சேர்ந்து, கோபமும் தேய்ந்து, இப்போது நான் ஆற்றுக்கு இந்தப் பக்கம், திருச்சியில் ஓர் அடுக்குமாடி வீட்டில் தனியாக இருக்கிறேன். வேலை பார்த்து ஓய்வும் பெற்றாகிவிட்டது. எங்கே போகிறாய் என்று கேட்பதற்கு ஆள் கிடையாது. போன சித்திரையில் ஒரு மாலை டவுன் பஸ் ஏறி அம்மா மண்டபத்தில் இறங்கினேன். மில் இருந்த இடத்தில் செல்போன் கடை. வேப்ப மரம் இல்லை. வெள்ளரிப்பிஞ்சைப் பிளாஸ்டிக் பையில் போட்டு விற்றுக்கொண்டிருந்த பையனிடம் வாங்கிக்கொண்டு படியிறங்கினேன். மணலை லாரி லாரியாக அள்ளிப்போனது ஊரறிந்த கதை. பாலத்து நிழலில் களிமண்ணும் சரளையும் முள்ளுப் புதரும்தான் கிடந்தன. யாரும் பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு மண்டியிட்டுக் கையால் தோண்டிப் பார்த்தேன். நகம் உடைந்தது.

வீட்டுக்கு வந்து விளக்கைப் போட்டுச் செருப்பைக் கழற்றினேன், உட்கார்ந்து பாதத்தை மடியில் தூக்கி வைத்து விரல்களை விரித்துப் பார்த்தேன். "ஆத்துக்குப் போனியா?" என்று கேட்க அந்த வீட்டில் யாரும் இல்லை. கேட்டிருந்தாலும், காட்டுவதற்கு என் காலில் ஒரு பொட்டு மணல் இல்லை.