களி உருண்டைக்குள் மாத்திரை

எங்கள் நாய்க்கு இடுப்பு மூட்டு தேய்ந்துவிட்டது என்று நாமக்கல்லில் மாட்டு டாக்டர் சொன்னபோது, என் வீட்டுக்காரர் எக்ஸ்ரே படத்தை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். அவருக்கு எதுவும் விளங்கியிருக்காது. எனக்கும் விளங்கவில்லை. வெள்ளையாக எலும்பு தெரிந்தது, அதன் முனையில் மங்கலாக ஏதோ ஒன்று.

"இதுக்கு மருந்து இருக்குதுங்களா?" என்று கேட்டார்.

"மூட்டுக்குச் சத்து மாத்திரை இருக்குதுங்க. மீன் எண்ணெயும் எழுதித் தாரேன். ஆனா தேஞ்சது திரும்ப வளராதுங்க. இனிமே தேயறது கொஞ்சம் மெதுவாகலாம், அதுவும் உறுதியாச் சொல்ல முடியாது" என்றார் டாக்டர்.

மாத்திரை இருக்கிறது என்பது மட்டும்தான் இவர் காதில் விழுந்தது. எங்கள் ஊருக்கு மலை ஏறும் வழியெல்லாம் வேனில் நாயை மடியில் கிடத்திக்கொண்டு, "சரியாயிரும் கண்ணு, மாத்திரை இருக்குதாமா" என்று சொல்லிக்கொண்டே வந்தார். வளைவுக்கு வளைவு அவள் வாயிலிருந்து எச்சில் ஒழுகி அவர் வேட்டி நனைந்துவிட்டது.

கண்ணு என்பது பெயரில்லை. எங்களுக்குப் பிள்ளைகள் கிடையாது. குட்டியாக வந்த நாளில் அவர் அப்படிக் கூப்பிட்டார், அதற்குமேல் பெயர் எதுவும் வைக்கத் தோன்றவில்லை. செம்பழுப்பு நிறம், ஒரு காது மடங்கியே இருக்கும். மலைமேல் குண்டூர் நாட்டில் இருக்கிற எங்கள் குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளி, காட்டுக்கு அவள்தான் காவல். ஒரு விடியற்காலையில் காட்டுப்பன்றி ஒன்றை வேலிவரை விரட்டிப் போய், அது திரும்பி முட்டியதில் இடுப்பில் அடிபட்டுக் கிடந்தாள். காயம் ஆறியது. நடையில் மட்டும் ஒரு இழுப்பு தங்கிவிட்டது. வயதாக ஆக அந்த இழுப்பு பின்னங்கால் இரண்டுக்கும் பரவியது.

அந்தச் சமயத்தில்தான் பக்கத்துக் காட்டுக்காரர்கள் பன்றியை விரட்ட வேட்டு வைக்கத் தொடங்கினார்கள். முதல் வேட்டுச் சத்தத்தில் நின்ற இடத்திலேயே மூத்திரம் விட்டாள். பன்றிக்குப் பயப்படாதவள் வேட்டுக்குப் பயந்தாள். பிறகு இடிக்குப் பயந்தாள், பஸ் ஹாரனுக்குப் பயந்தாள், கடைசியில் நான் சொம்பைக் கீழே வைத்தால்கூட உடம்பு நடுங்கினாள்.

மருந்துக்கு நாங்கள் நம்பியிருந்தது மலைக்குக் கீழே பேளுக்குறிச்சியில் கால்நடை மருந்துக்கடை வைத்திருந்த பாயைத்தான். மலைக்கு மேலே எங்கள் ஊருக்குப் பார்சல் வராது. மிளகு விற்கச் சந்தைக்கு இறங்கும்போது அவர் எங்கள் பையைத் தனியே எடுத்து வைத்திருப்பார். மூட்டு மாத்திரை, மீன் எண்ணெய், கடல்சிப்பியில் செய்த ஏதோ பொடி. பயத்துக்கு ஒரு சொட்டு மருந்து, அதை வாயில் விட்டால் அமைதியாக இருப்பாளாம்.

"ஏனுங்க, இதெல்லாம் கேக்குமுங்களா?" என்று பாயிடம் ஒருநாள் கேட்டேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சிலதுக்குக் கேட்டிருக்குன்னு சொல்றாங்கம்மா. நம்மகிட்ட மறுபடி வந்து வாங்கறவங்க இருக்காங்க. வராதவங்க எதுக்கு வரலைன்னு எனக்குத் தெரியாதும்மா."

மாத்திரையை அவள் தின்ன வேண்டுமே. ராகிக் களியை உருட்டி நடுவில் மாத்திரையை வைத்துக் கொடுத்தேன். களியைத் தின்றுவிட்டு மாத்திரையை மட்டும் துப்பினாள், கழுவி வைத்ததுபோல் தட்டில் கிடக்கும். இடித்துப் போட்டால் மோந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வாள். இவர்தான் பக்கத்தில் உட்கார்ந்து கெஞ்சுவார். "ஒரு வாய் சாமி, எனக்காக ஒரு வாய்." கடைசியில் அவருக்காகத்தான் தின்றாள் என்று நினைக்கிறேன்.

உடம்பை இறுக்கிக் கட்டினால் பயம் குறையும் என்று யாரோ போனில் ஒரு வீடியோ காட்டினார்கள். அவருடைய பழைய பனியனை வெட்டி, நெஞ்சைச் சுற்றி வருமாறு நான் தைத்தேன். அதைப் போட்டுக்கொண்டு அவள் வாசலில் படுத்திருந்ததைப் பார்த்து ரோட்டில் போனவர்கள் சிரித்தார்கள். "நாய்க்கு மாத்திரை, நாய்க்குச் சட்டை. அடுத்து என்னங்க, பள்ளிக்கூடமா?" இவர் குனிந்து அவள் பனியனை இழுத்துச் சரிசெய்தார். அவருக்கும் முட்டிவலி உண்டு. ஏறி இறங்க முடியாமல்தான் அந்த வருடம் மிளகு பறிக்கவே ஆள் விட்டோம். தனக்கென்று ஒரு மாத்திரை வாங்கிக்கொள்ளவில்லை.

மாசி முடிகிற சமயம் ஒரு காலையில் அவள் தானாக எழுந்து வேலிவரை நடந்துபோனாள். இழுப்பு இருந்தது, ஆனாலும் நடந்தாள். இவர் அடுப்படிக்கு ஓடிவந்தார்.

"ஏம்புள்ள, வந்து பாரு! வேலிகிட்ட நிக்கறா!"

நானும் போய்ப் பார்த்தேன். திரும்பி எங்களைப் பார்த்து வாலை ஆட்டினாள். அவர் அழுதார். பிறகு பாய்க்குப் போன் போட்டு இன்னும் மாத்திரை எடுத்துவைக்கச் சொன்னார். அந்தச் சந்தோஷம் கொஞ்ச நாள் வீட்டில் இருந்தது. வேறு எதைப்பற்றியும் நாங்கள் பேசவில்லை.

கோடை மழை ஒரு மத்தியானம் வந்தது. மேகம் கறுக்கும்போதே சொட்டு மருந்து விட்டோம், பனியனை மாட்டினோம், கதவைச் சாத்தினோம். முதல் இடி கூரைமேல் விழுந்ததுபோல் இடித்தது. அவள் எழுந்தாள். சரியாக நடக்க முடியாதவள் அப்படி எழுந்து நான் பார்த்ததில்லை. கதவு இடுக்கை முட்டித் திறந்துகொண்டு, மழைக்குள் ஓடினாள். பயம் அவளுக்குக் கால் கொடுத்தது. இவர் பின்னாலேயே கத்திக்கொண்டு ஓடினார், முட்டி மடங்கி வாசலிலேயே விழுந்தார். நான் அவரைத் தூக்குவதா அவளைத் தேடுவதா என்று தெரியாமல் மழையில் நின்றேன்.

மழை விட்டபிறகு மிளகுக்கொடிச் சரிவுக்குக் கீழே பள்ளத்தில் அவளைக் கண்டோம். பனியன் முள்ளில் கிழிந்து தொங்கியது. பின்னங்கால் இரண்டும் அசையவில்லை, அவளுடையதாகவே இல்லை. கோணியில் கிடத்தி ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கி வந்தோம்.

மறுபடி நாமக்கல். டாக்டர் இந்த முறை படம் எடுக்கவில்லை. கையால் தொட்டுப் பார்த்துவிட்டு, வலிக்கு ஊசி போட்டு, பயத்துக்கு வீரியமான மாத்திரை கொடுத்தார். "இது கேக்கும்" என்றார்.

கேட்டது. அதற்குப்பின் அவள் நடுங்கவில்லை. வேட்டு வெடித்தது, பார்த்தபடியே கிடந்தாள். இடி இடித்தது, மடங்கிய காதுகூட அசையவில்லை. இவர் வெளியில் போய் வந்தால் தலையைத் தூக்கமாட்டாள். அவர் கையை மூக்கருகே வைத்தார். மோந்து பார்க்கவில்லை.

"இவ்வளவு நாளா பயம் போவோணும்னு வேண்டுனமே," என்றார். "அதோட சேந்து எல்லாமே போயிருச்சே புள்ள."

மாத்திரையை ஒருநாள் நிறுத்திப் பார்த்தோம். நடுக்கம் திரும்பியது, கூடவே வலியில் முனகலும். தன் இடுப்பைத் தானே நக்கி நக்கி ரணமாக்கினாள். மறுநாள் நானே மாத்திரையைக் கரைத்து ஊற்றினேன்.

நாமக்கல் டாக்டருக்குப் போன் செய்தது நான்தான். அவர் தயங்காமல் சொன்னார்: "ஊசி போட்டு அனுப்பிரலாமுங்க. இனி நீங்க செய்யறதெல்லாம் அதுக்கு இல்லீங்க, உங்களுக்குத்தான்." அவர் கோபமாகச் சொல்லவில்லை. ஆனாலும் அந்த வார்த்தை நெஞ்சில் குத்திக்கொண்டு நின்றது. இவரிடம் சொன்னேன். வெகுநேரம் அவள் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தார்.

"வண்டியில ஏத்த வேண்டாம். வளைவுல அவளுக்கு ஆவாது. அவர மேல வரச் சொல்லு" என்றார்.

அவரால் வர முடியவில்லை; மலைமேல் இருந்த மாட்டு ஆஸ்பத்திரியிலிருந்து வேறொரு டாக்டர் வந்தார், சின்ன வயதுப் பெண். இவர் கண்ணுவின் தலையை மடியில் வைத்துக்கொண்டார். ஊசி உள்ளே போனபோது மாற்றம் எதுவும் தெரியவில்லை. ஏற்கெனவே அவ்வளவு அமைதியாக இருந்தாள். "முடிஞ்சுதுங்க" என்று அந்தப் பெண் சொன்ன பிறகுதான் தெரிந்தது.

காட்டோரம் புதைத்தோம். மண்வெட்டி பிடிக்க அவரால் முடியவில்லை, நான் தோண்டினேன்.

கொஞ்ச நாள் கழித்துக் கீழ்வீட்டு அம்மா முந்தானைக்குள் ஒரு குட்டியை வைத்துக்கொண்டு வந்தார். கறுப்பு, கண் திறந்து சில நாள்தான் இருக்கும். "வளத்துங்க அண்ணா, மனசு மாறும்" என்றார். இவர் கட்டிலில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார்.

"எடுத்துட்டுப் போயிரச் சொல்லு. இன்னொருக்கா என்னால ஆவாது."

அந்த அம்மா என் முகத்தைப் பார்த்தார். எனக்கும் ஆகாது. குட்டி அவர் முந்தானைக்குள் முனகிக்கொண்டே போனது. நான் விளக்குப் போடாமல் அடுப்படியில் உட்கார்ந்திருந்தேன். இருவருமே அன்று எதுவும் சாப்பிடவில்லை.